பாலையில் கேட்கும் மூன்று ஓசைகள்

"பாலைத்திணைக்கு உரிய நிலம் எது?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "மணலும் மணல் சார்ந்த இடமும்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். வரையச் சொன்னால் இன்னும் வேடிக்கை: மணல்மேடு, ஒட்டகம், ஓரத்தில் ஒரு பேரீச்ச மரம். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருக்கோம். ஆனால் அந்தப் படத்தோடு குறுந்தொகைக்குள் நுழைந்தால் பாட்டு திறக்காது. (ஒட்டகம் அகநானூற்றில் ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. அதை வைத்துப் பாலை முழுவதையும் மணலாக்கிவிட முடியாது. சகாராவிலேயே கால் பங்குதான் மணல். மீதியெல்லாம் கல்லும் பாறையும்.)

தொல்காப்பியர் நிலத்தைப் பிரிக்கும்போது பாலைக்கு மட்டும் நிலம் ஒதுக்கவில்லை. காடு, மலை, வயல், கடற்கரை என்று நான்கோடு நிறுத்திக்கொள்கிறார். பாலைக்கு அவர் தருவது பொழுது: வேனிலும் நண்பகலும், கூடவே பின்பனியும். இளங்கோ காடுகாண் காதையில் இன்னும் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டு எடுக்கும் வடிவமே பாலை. அப்படியென்றால் பாலை தனியாக ஓர் ஊரில் இருப்பதில்லை. நேற்று பச்சையாக இருந்த காடுதான் இன்று பாலை. பிரிவைப் பாட இதைவிடப் பொருத்தமான நிலம் கிடைக்குமா?

இனி அந்த நிலத்தின் அமைதிக்கு வருவோம். சங்கப் புலவர்கள் "அங்கே ஒரே அமைதி" என்று சொல்லிவிட்டு நகர்வதில்லை. ஒரு சிறு ஓசையைக் கேட்க வைக்கிறார்கள். அந்த ஓசை கேட்கிறதென்றால் சுற்றிலும் எவ்வளவு அமைதி என்பதை நாமே உணர்ந்துகொள்ள வேண்டும்.

குறுந்தொகை 16ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. பொருள் தேடப் போனவனை நினைத்து வருந்தும் தலைவியிடம் தோழி பேசுகிறாள். கள்ளிக்காட்டில் செங்கால் பல்லி தன் துணையைக் கூப்பிடுகிறதே, அதைக் கேட்டால் அவர் நம்மை நினைக்க மாட்டாரா என்று கேட்கிறாள். பல்லியின் குரல் கேட்கிற அளவுக்குக் காடு அடங்கிக் கிடக்கிறது. இதுவரைக்கும் எல்லா மாணவரும் எழுதிவிடுவார்கள். விட்டுவிடுவது உவமையை! அந்தப் பல்லியின் குரல் எதைப்போல் இருக்கிறதாம்? வழிப்பறி செய்யும் கள்வர் தங்கள் இரும்பு அம்பைச் செம்மை பார்க்க நகத்தின் நுனியில் புரட்டும்போது எழும் ஓசையைப்போல். (பாட்டில் 'பொன்' என்று வருவதைத் தங்கம் என்று எழுதிவிடாதீர்கள், இங்கே அதற்கு இரும்பு என்றே பொருள்.)

இதை "அருமையான உவமை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது அநியாயம். ஆறுதல் சொல்ல வந்தவள் வாயிலேயே கள்வனின் அம்பு வந்துவிட்டது. துணையை அழைக்கும் குரலும் உயிரை எடுக்கப்போகும் ஓசையும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. தோழி சொல்வது 'வருவார்' என்று. ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கிறது என்பதை உவமை காட்டிக்கொடுத்துவிடுகிறது. தேர்வுத்தாளில் இந்த இடத்தைத் தொட்ட விடைக்கும் தொடாத விடைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இரண்டாவது ஓசை 7ஆம் பாட்டில். காற்று மோத, வாகையின் காய்ந்த நெற்றுகள் கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறைபோல் ஒலிக்கின்றன. இலையெல்லாம் உதிர்ந்த மரத்தில் நெற்று மட்டும் தொங்குகிற காட்சி. அந்த வழியில் ஓர் இளம் ஆணும் பெண்ணும் போகிறார்கள். பார்த்தவர்கள் 'யாரோ பாவம்' என்று இரங்குகிறார்கள். இது வழியிலேயே நின்று நேரில் கண்டவர் கூற்று.

மற்றவை அப்படியில்லை. இதை முக்கியமாகக் கவனியுங்கள். 16ஆம் பாட்டின் தோழி பாலைக்குப் போனதில்லை. யானை தன் பிடியின் பசி தீர்க்க யா மரத்தைப் பிளக்கும் என்று 37ஆம் பாட்டில் சொல்கிறவளும் வீட்டில் இருந்துகொண்டுதான் சொல்கிறாள். கலித்தொகை 11இல் வரும் தலைவியோ, எல்லாம் 'அவர் சொன்னார்' என்கிறாள். கன்று கலக்கிய கொஞ்சம் தண்ணீரையும் பிடிக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு குடிக்கும் களிறு, மெல்லிய சிறகால் பெடைக்கு விசிறும் புறா, நிழல் இல்லாத இடத்தில் தன் நிழலையே பிணைக்குத் தரும் கலைமான், எல்லாமே அவன் வாயால் கேட்டவை. அந்தக் கலைமானை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நண்பகலில் நிழல் எவ்வளவுதான் விழும்? அதையும் கொடுக்கிறது.

வருடம் முழுக்க மழை பெய்யும் நாட்டில் இருந்துகொண்டு பாலையை எப்படிப் புரிந்துகொள்வது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தலைவியும் பார்த்ததில்லையே, என்பதுதான் என் பதில். பார்க்காத இடத்தை, அங்கே போனவருக்காகப் பயந்து பயந்து மனத்தில் கட்டிக்கொள்கிறாள். அக்கா வெளிநாடு போனபின் அந்த ஊர் வானிலையைத் தினமும் கைப்பேசியில் பார்க்கும் அம்மாவைத் தெரிந்த பிள்ளைக்கு இது புரியாமல் போகாது.

மூன்றாவது ஓசை கொடுமையானது. வெண்பூதியார் பாடிய 174ஆம் பாட்டு. மழை மறந்த காட்டில் கவைமுள் கள்ளியின் காய் 'பட்'டென்று வெடிக்கிறது. சேர்ந்திருந்த புறா இணை அந்தச் சத்தத்தில் கலைந்து பறக்கிறது. பல்லியின் ஓசை துணையைக் கூப்பிட்டது. இந்த ஓசை துணையைப் பிரிக்கிறது. இங்கே தோழி ஆறுதல் சொல்லவில்லை. இவ்வழியே போகத் துணிந்தாரென்றால் உலகத்தில் பொருள்தான் பொருள், அருளை ஏற்பார் யாருமில்லை என்று தலைவி கசந்து முடித்துவிடுகிறாள்.

ஆசிரியர்களே, 16ஐயும் 174ஐயும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்துப் பாருங்கள். விளக்கம் எதுவும் முதலில் வேண்டாம். இரண்டிலும் கேட்கும் சத்தம் என்ன, அதைக் கேட்டு யார் யாரை நினைக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.