சிங்கபாகுவும் இராவணேசனும்: எது அவல நாடகம்?

1961இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'சிங்கபாகு' பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேறியது. நான்கு ஆண்டுகள் கழித்து, அதே வளாகத்திலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தனின் 'இராவணேசன்' வந்தது. முன்னது சிங்கள நாடகம மரபில் கட்டியது. அந்த மரபே தமிழ்க் கூத்துக்குக் கடன்பட்டது. பின்னது மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலிருந்து எழுந்தது. பிரதியை எழுதியவர் சி. மௌனகுரு, இராவணனாக ஆடியவரும் அவரே. இந்த இரண்டின் நாயகர்களையும் 'அவல நாயகர்' என்று சொல்வது நம் விமர்சனத்தில் பழகிப்போய்விட்டது. சொல் பழகிய அளவுக்கு அளவுகோல் பழகவில்லை. பெரியவன் ஒருவன் வீழ்ந்தால் அவலம் என்று எழுதிவிடுகிறோம்.

பெரியவன் வீழ்வது மட்டும் போதுமென்றால், ஊர் ஊராக ஆடிய அத்தனை போர்க் கூத்தும் அவல நாடகம்தான். அரிஸ்டோட்டில் கேட்டது அதைவிடக் கடினமானது. நாயகன் முழு நல்லவனாகவும் இருக்கக்கூடாது, கொடியவனாகவும் இருக்கக்கூடாது. அவன் செய்த பிழையிலிருந்தே வீழ்ச்சி பிறக்க வேண்டும். நிலை தலைகீழாக மாறும்போது அறியாமை அறிவாகத் திரும்ப வேண்டும். பார்ப்பவருக்கு இரக்கமும் அச்சமும் சேர்ந்தே வர வேண்டும். இந்த அச்சத்தைத்தான் நாம் எளிதில் விட்டுவிடுகிறோம். இரக்கம் அடுத்தவனுக்காக எழுவது. அச்சமோ, அவன் இடத்தில் நானும் நிற்கக்கூடும், என் ஊரும் நிற்கக்கூடும் என்ற உணர்வு. ஈடிப்பஸ் குற்றவாளியைத் தேடித் தேடித் தன்னிடமே வந்து சேர்கிறான். 'அந்திகோனி'யில் கிரெயோன் மகனையும் மனைவியையும் இழந்த பிறகுதான் தன் பிடிவாதத்தின் விலையை அறிகிறான். இருவரும் கடைசியில் காண்பது எதிரியை அல்ல, தம்மையே.

இந்த அளவுகோலோடு 'இராவணேசன்' முன் நிற்கிறேன். அதன் சாதனை சிறிதல்ல. விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்தை ஏறத்தாழ ஒன்றரை மணி நேர அரங்க நிகழ்வாக இறுக்கியது, ஆட்டத்தைப் பாத்திரத்தின் மனநிலைக்கு ஏற்பத் தேர்ந்தது, படித்தவர் ஒதுக்கிவைத்த கலையைப் பல்கலைக்கழக மேடையில் தலைநிமிர்ந்து நிற்கவைத்தது: 1962இன் 'கர்ணன் போர்' தொடங்கி வைத்த இந்த வேலை 'இராவணேச'னில்தான் முதிர்ந்தது. தோற்றவனின் அரண்மனைக்குள் நம்மை உட்காரவைத்துப் போரைப் பார்க்கச் செய்கிறது அந்நாடகம். ஈஸ்கிலஸ் கி.மு. 472இல் 'பாரசீகர்' நாடகத்தில் செய்ததும் இதையொத்ததே. சலாமிஸ் கடற்போரில் தாம் வென்று எட்டே ஆண்டுகள் ஆன ஏதன்ஸ் மக்களைப் பாரசீக அரண்மனையின் ஒப்பாரியைக் கேட்கவைத்தார் அவர்.

ஆனால் இந்த ஒப்பீட்டை இன்னும் ஓரடி கொண்டுபோனால் பிளவு தெரிகிறது. ஏதன்ஸ் மக்களுக்குப் பாரசீகர் எதிரிகள். எதிரிக்காக அழச் சொன்னபோது அவர்கள் தம் வெற்றிக் களிப்பையே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1965இன் தமிழ்ப் பார்வையாளருக்கு இராவணன் எதிரியா? புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946லேயே வந்துவிட்டது. திராவிட இயக்கம் அவனைத் தமிழ் மன்னனாக முடிசூட்டியிருந்தது. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தையும் 1958இன் கலவரத்தையும் கண்டவர்களுக்கு, வளையாமல் முறியும் ஓர் இலங்கை வேந்தன் ஏற்கெனவே நெஞ்சுக்கு நெருங்கியவன். அவனுக்காக அழுவதில் எதையும் இழக்க வேண்டியதில்லை. இரக்கம் பெருகுகிறது, அச்சத்துக்கு இடமில்லை.

கம்பனில் இராவணன் எதையும் அறிவதில்லையா என்று கேட்கலாம். அறிகிறான். போரின் உச்சத்தில், எதிரே நிற்பவன் வேதங்களின் மூலமோ என்ற ஐயமே அவனுக்கு எழுகிறது. யாராக இருந்தாலும் என் ஆண்மையை விடேன் என்று உடனே உறுதி கொள்கிறான். தமிழின் மிக உயர்ந்த நாடகக் கணங்களில் ஒன்று அது. ஆயினும் அவன் அறிந்தது எதிரியின் உயரத்தை. தன் பிழையை அல்ல. வீர காவியத்துக்கு அது முடி. அவல நாடகத்துக்கு ஒரு படி குறைவு. பிழையை அறிந்தும், உண்ட சோற்றின் கடனுக்காகச் சாகப் போகிற கும்பகர்ணனிடம்தான் இந்தக் கதையின் உண்மையான அவலம் இருக்கிறது. நாடகத்தின் பெயர் அவனுடையதல்ல.

'சிங்கபாகு'வின் கதை மகாவம்சத்திலிருந்து வருவது. வங்க தேசத்து இளவரசி சிங்கத்தோடு குகையில் வாழ்ந்து மகனையும் மகளையும் பெறுகிறாள். வளர்ந்த மகன் குகையை அடைத்த கல்லை விலக்கி, தாயையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு மனிதர் ஊருக்குப் போய்விடுகிறான். பிரிவு தாளாத சிங்கம் அவர்களைத் தேடி ஊர்களை அழிக்கிறது. அதைக் கொல்ல மகனே வில்லோடு வருகிறான். மகனைக் கண்ட சிங்கத்தின் உள்ளத்தில் அன்பு நிறைந்திருக்கும்வரை அம்பு அதன் உடலில் தைக்கவில்லை; அன்பு சினமாக மாறியபோதுதான் தைத்தது.

அரிஸ்டோட்டிலின் கடுமையான மாணவன் இங்கே தடுப்பான். ஈடிப்பஸ் அறியாமல் தந்தையைக் கொன்றான். சிங்கபாகு அறிந்தே கொல்கிறான். அறிந்து செய்யும் கொலையைக் 'கவிதையியல்' தாழ்ந்த வகையில் வைக்கிறதே என்பான். தடை சரியானது. ஆனால் இந்த நாடகத்தில் அறிதல் கொன்றவனுக்கு வாய்க்கவில்லை, கொல்லப்பட்டவனுக்கு வாய்க்கிறது. வந்தவன் தன் மகன் என்று மகிழ்ந்த கண்களே, அவன் எதற்காக வந்தான் என்பதையும் காண்கின்றன. அந்த ஒரு திருப்பத்தில் நிலைமாற்றமும் அறிதலும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டும் சேர்ந்து நிகழ்வதே சிறப்பு என்பதும் அரிஸ்டோட்டில் வாக்குத்தான். மகனைக் குற்றம் சொல்லவும் முடிவதில்லை. மனிதனாகப் பிறந்தவன் மனிதர் நடுவே வாழ நினைத்தான். தந்தையோ பிள்ளைகளைப் பிரிய மறுத்தது. இரண்டு நியாயங்கள் மோதி ஒன்று சாகிறது.

இதைவிட முக்கியமானது, யார் பார்த்தார்கள் என்பது. சிங்கபாகு விஜயனின் தந்தை; சிங்கள இனத்தின் தோற்றக் கதையே இவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. தம் வரலாற்றின் வாசலில் தந்தைக்கொலை கிடக்கிறது என்பதைச் சிங்களப் பார்வையாளர்முன் வைத்து, கொன்ற முன்னோனுக்காக அல்ல, இறந்த மிருகத்துக்காக அவர்களை அழவைத்தார் சரச்சந்திர. 1961இல் அதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். பேராதனையின் மரநிழல் சரிவில் அமைந்த திறந்தவெளி அரங்கில் அமர்ந்தவர்கள் தம் பக்கத்துப் பழியைத் தாமே பார்த்தார்கள். என் கணிப்பில் இரண்டில் 'சிங்கபாகு'வே அவல நாடகம். 'இராவணேசன்' மகத்தான வீர நாடகம். அதை வேறு பெயரால் உயர்த்த வேண்டிய தேவையில்லை.

கிரேக்க நாடகத்தின் இன்னோர் உறுப்பு இரண்டிலுமே நலிந்திருக்கிறது: கோரஸ். சோபோக்கிளிஸ் காலத்தில் பதினைந்து பேர் ஆடிப் பாடிய அந்தக் குழு நாயகனோடு வாதிட்டது, அஞ்சியது, அவன் போன பிறகு ஊரில் எஞ்சியது. நம் கூத்தின் பிற்பாட்டுக்காரர் நாயகனின் வரியையே திருப்பிப் பாடுகிறார்கள்; எதிர்த்துக் கேட்பதில்லை. சுற்றிலும் சனம் இருந்த வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு மாறியபோது, அந்த ஊர்க்குரல் எழக்கூடிய இடமும் சுருங்கியது.

அந்த ஊர்க்குரல் வளாகத்துக்கு மேலே, ஹந்தானை முதல் கலஹா, தெல்தோட்டை வரையான தேயிலை மலைகளில் இருந்தது. மாசி மாதக் காமன் கூத்தில் சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிய, ஆண் ஒருவர் ரதியாக ஒப்பாரி வைக்க, தப்பு முழங்க, திடலைச் சூழ்ந்த தோட்டமே கூடி அழும். சடங்கிலிருந்தே கிரேக்க நாடகம் பிறந்தது என்று 'ஈஸ்கிலஸும் ஏதன்சும்' நூலில் வாதிட்டவர் ஜார்ஜ் தொம்சன். பேராதனையில் படித்த க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பர்மிங்ஹாமில் அவரிடம்தான் முனைவர் ஆய்வு செய்தார்கள். சங்க வீரப்பாடலையும் பண்டைத் தமிழ் நாடகத்தையும் கிரேக்கத்தோடு வைத்துப் பார்க்கும் வழி அவர்களால் நமக்குத் திறந்தது. பேராதனை மேடையோ மட்டக்களப்பை நோக்கிப் போனது, தலைக்கு மேலிருந்த மலையை நோக்கவில்லை. இந்தக் குறையை நான் சிறிதாக எண்ணவில்லை.

காமன் கூத்து அவல நாடகமல்ல. மூன்றாம் நாள் காமன் உயிர்த்துவிடுகிறான். சடங்கு துயரத்தை ஆற்றிவிடுகிறது. ஆனால் கோரஸ் அங்கே உயிரோடு இருக்கிறது. ஏதன்ஸில் குடியுரிமை பெற்ற ஆண்கள் சிறைப்பட்ட பெண்களாக வேடமிட்டு அழுதார்கள். இங்கே 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தமிழர்களே ரதியோடு அழுதார்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. குடும்பங்கள் தலைமன்னார்க் கப்பலில் பிளந்தன. அந்த ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டுதான் 'இராவணேசன்' ஆடியது.

இனி 'இராவணேச'னை எடுத்து ஆடுவோரிடம் நான் கேட்பது ஒன்றே. பிற்பாட்டுக்காரரை மேடை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இராவணனின் வரியைத் திருப்பிப் பாடும் வேலையிலிருந்து அவர்களை விடுவித்து, அவன் மானத்துக்காகச் செத்த இலங்கைக் குடிகளாக அவனை எதிர்த்துக் கேட்கவையுங்கள். அந்தக் கேள்வியை மௌனகுருவின் பிரதி தாங்குமென்றால், என் தீர்ப்பை மறுபடி எழுதுவேன்.