'லைன்' என்னும் சொல்லும் நமது லயமும்

ஆங்கிலம் கற்கும் நம் இளைஞர் பலரிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லை நெட்டுருப் போட்டுவிட்டால், அச்சொல் தமக்கு வசமாகிவிட்டது என்பதே அது. சாத்திரம் சொன்னதைக் கேள்வியின்றி ஏற்பது மடமை என்று மேடையில் முழங்கும் நாம், அகராதி சொன்னதை மட்டும் கேள்வியின்றி ஏற்பது எங்ஙனம் பகுத்தறிவாகும்? அகராதி வழிகாட்டும், நமக்காக நடந்து தராது. இதனை விளக்க, தோட்டத்திலும் பட்டணத்திலும் நாள்தோறும் நம் வாயில் வழங்கும் 'லைன்' என்ற ஒரு சொல்லையே ஈண்டு எடுத்து ஆராய்வோம்.

பள்ளி மாணவனைக் கேட்டால், 'லைன்' என்றால் கோடு என்பான். அது பிழையன்று, ஆனால் அதனோடு நின்றுவிடுதல் பிழை. இச்சொல்லின் மூலம் லத்தீன் மொழியில் உள்ளது. அம்மொழியில் 'லீனும்' என்பது ஆளிச்செடி. அதன் நாரால் முறுக்கிய நூல் 'லீனியா'. அதிலிருந்தே 'லைன்' பிறந்தது. லினன் என்னும் துணியும், சட்டையின் உட்புறத்தில் தையற்காரர் வைத்துத் தைக்கும் 'லைனிங்' என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே இச்சொல்லின் பழம்பொருள் நூல் என்பதே. நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும். அந்த நேர்மையினின்று கோடு என்ற பொருள் தோன்றிற்று.

அந்த நூல் எங்கெல்லாம் நீண்டிருக்கிறது பாருங்கள்! மீன் பிடிப்பவனுக்கு அது தூண்டில் நூல்; துணி துவைப்பவளுக்குக் கொடி; ரயில்காரருக்குத் தண்டவாளப் பாதை; தொலைபேசியில் பேசுபவருக்குத் தொடர்பு. ஒரு பொருளின் பின் ஒன்றாக நின்றால் வரிசை. தந்தைக்குப் பின் மகனாக நீண்டால் மரபு. ஒரே வழியில் தவறாது சென்றுவரும் கப்பல்களையுடைய கம்பெனிக்கும் அதுவே பெயர். கப்பல் 'லைனர்' ஆயிற்று. நடிகன் நெட்டுருப் போடும் வசனமும் அதுவே. ஒருவன் செய்யும் தொழிலும் அதுவே. ஒரு கட்சி வகுத்துக்கொண்ட கொள்கையும் அதுவே. மாலுமி வேறு அடைமொழியின்றி 'லைன்' என்றால் அது பூமத்திய ரேகை. சிங்கப்பூர் அதற்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இவ்வனைத்துக்கும் கோடு என்றே எழுதுபவன், மாலுமியைக் கோட்டைக் கடக்கச் செய்வான். நடிகனைக் கோட்டை மறக்கச் செய்வான். படிப்பவர் கோடும் கோட்டையும் புரியாமல் திகைப்பர்.

நம் அண்டையிலுள்ள மலாய் மொழி இவ்விடத்தில் விழிப்போடு இருக்கிறது. கீறிய கோட்டுக்குக் 'காரிஸ்' என்றும், அணிவகுத்த வரிசைக்குப் 'பாரிசான்' என்றும், தொலைபேசித் தொடர்புக்குக் கயிற்றைக் குறிக்கும் 'தாலி' என்ற சொல்லினின்று 'தாலியான்' என்றும் அது பிரித்து வழங்குகிறது. சொல்லைப் பார்த்துப் பெயர்க்காமல், பொருளைப் பார்த்துப் பெயர் வைப்பது இதுவே.

இலக்கியத்தில் இப்பிழை இன்னும் கேடு விளைக்கிறது. ஆங்கிலச் செய்யுளின் 'லைன்' நமக்கு வரி அன்று, அடி. வரி என்பது ஏட்டில் கண்ணுக்குப் படுவது. அடி என்பது சீர்களால் அமைந்து காதுக்குப் படுவது. குறள் இரண்டு அடி. முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். எண்சீர் விருத்தமோ நான்கே அடி. ஆனால் பத்திரிகையின் ஒடுங்கிய பத்தியில் ஓரடியை இரண்டாக மடக்கி அச்சிடுவதால் எட்டு வரியாகத் தோன்றும். அதனைக் கண்டு, 'கவிஞர் எட்டு வரியில் பாடினார்' என்று திறனாய்வு எழுதுபவர், கவிஞரைப் பற்றி எழுதவில்லை. அச்சுக் கோப்பவரைப் பற்றி எழுதுகிறார்.

இதனால் தமிழ் வறிய மொழி என்று எவரும் எண்ணிவிட வேண்டா. ஆங்கிலேயரின் நூல் ஒரு பக்கம் கிளைத்தது. நம்முடைய நூல் வேறொரு பக்கம் கிளைத்தது. நமக்கு நூல் என்பது பஞ்சு இழையும் ஆகும். கற்கும் புத்தகமும் ஆகும். பஞ்சை நூலாக நூற்பதுபோலச் சொல்லை நூலாக இயற்றுவர் என்றும், மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைக் கல்வி நூல் தீர்க்கும் என்றும் நன்னூற் பாயிரம் விளக்குகிறது. கொடி என்ற சொல்லையும் நோக்குக. துணி உலர்த்துவதும் கொடி. தாயையும் சேயையும் பிணைப்பது தொப்புள்கொடி. தலைமுறைத் தொடர்ச்சி கொடிவழி. வரி என்பதோ புலியின் உடலில் கோடு. அரசாங்கத்துக்குக் கட்டும் இறை. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் இசைப்பாட்டு. ஒவ்வொரு மொழியும் தன் மக்கள் வாழ்ந்த வாழ்க்கையின் வழியே சொற்களை நீட்டியிருக்கிறது. மக்கள் வாழ்க்கை வேறாயின் சொல்லின் கிளைகளும் வேறாகும்.

இனி, நம் வாழ்க்கையோடு ஒட்டிய பொருளுக்கு வருவோம். ஆங்கிலப் படையில் சிப்பாய்கள் தங்கும் கொட்டடி வரிசைகளுக்கு 'லைன்ஸ்' என்று பன்மையில் பெயர். குதிரைகளை வரிசையாகக் கட்டும் இடத்துக்கும் அதே பெயர். சிங்கப்பூரில் 1882-இல் பொது மருத்துவமனை வந்தமைந்த இடத்தின் பெயர் 'சிப்பாய் லைன்ஸ்'. பினாங்கிலும் அப்பெயரில் ஒரு சாலை உண்டு. இந்தப் பெயரையே ரப்பர்த் தோட்டத் துரைமார் தொழிலாளர் குடியிருந்த நீண்ட கொட்டகைகளுக்கும் வழங்கினர். நம்மவர் நாவில் அது லயன் என்றும் லயம் என்றும் திரிந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் அதே சொல் அவ்வாறே வழங்குகிறது. தமிழில் முன்பே இருந்த லயமோ இசையில் தாளத்தின் நடையைக் குறிப்பது. இரண்டுக்கும் ஒலி ஒன்று. உறவு ஏதும் இல்லை.

இந்தப் பெயரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. வீடு என்பது உள்ளே வாழ்பவன் இடும் பெயர். லைன் என்பது வெளியே நின்று எண்ணுபவன் இடும் பெயர். உள்ளே அடுப்பெரிந்தது, தொட்டில் ஆடியது, பிணி வந்தது, மணம் நடந்தது. இவற்றில் ஒன்றும் அப்பெயரில் இல்லை. வரிசை மட்டுமே இருக்கிறது. வேலை போனால் அறையையும் காலி செய்யவேண்டும் என்றிருந்த நிலைக்கு அப்பெயர் பொருத்தமாகவே இருந்தது! ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் மலாயாவில் ஒழிந்தது. ஆயினும் அப்பெயர் ஒழியவில்லை. மலேசியாவில் 1966-லும் 1990-லும் இயற்றப்பட்ட சட்டங்களோ தம் தலைப்பிலேயே தொழிலாளரின் வீட்டு வசதி என்று பேசின. சட்டம் வீடு என்று சொல்லிய பின்னும் நம் நாவு லயம் என்றே சொல்லி வந்தது.

இதில் வேறொரு வியப்பும் உண்டு. பால் மரங்கள் வரிசையாக நின்றதை நம் தோட்டத்து மக்கள் நிரை என்றனர். ஆநிரை என்று சங்கச் சான்றோர் வழங்கிய சொல் அது. யாப்பில் நிரையசை என்று நாம் கற்கும் சொல் அது. ஏடறியாத தாயும் தந்தையும் விடியற்காலை இருளில் அச்சொல்லைச் சொல்லிக்கொண்டே மரம் வெட்டினர். மரங்களின் வரிசைக்குத் தமிழ்ப் பெயர் கிடைத்தது. மனிதரின் வரிசைக்கு மட்டும் பிறன் இட்ட பெயர் நிலைத்தது. மரத்துக்கு நாம் பெயரிட்டோம். நமக்குத் துரை பெயரிட்டார்.

அங்ஙனமாயின் நம் எழுத்தாளர் லயம் என்ற சொல்லை அழித்துவிட வேண்டுமோ எனின், வேண்டா என்பதே நம் முடிபு. அக்காலத்துக் கதை எழுதும் சிலர், நாகரிகம் கருதி லயத்தைக் 'குடியிருப்பு' என்று மெழுகி எழுதுகின்றனர். அது வரலாற்றுக்குச் சுண்ணாம்பு அடிப்பதாகும். லயம் இருந்த காலத்தை எழுதுங்கால் லயம் என்றே எழுதுக. அவ்வெழுத்தில் அந்தச் சுவரின் கரியும் கூரையின் வெப்பமும் தெரியட்டும். ஆனால் இன்றைய நம் மக்கள் குடியிருக்கும் இடத்தைப் பற்றி எழுதுங்கால், பழக்கத்தால் அச்சொல்லை நீட்டாது, வீடு என்றே எழுதுக.

மாணவர்க்கு நாம் கூறுவதும் இதுவே. ஒரு சொல்லைக் கண்டால் அதன் பொருள் யாது என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். யார் சொன்னது, யாரைக் குறித்துச் சொன்னது, எவ்விடத்தில் சொன்னது என்றும் கேளுங்கள். அகராதியில் 'லைன்' என்ற சொல்லின் கீழ் எத்தனையோ பொருள்களைக் காண்பீர்கள். அவற்றுள் ஒன்றில் உங்கள் பாட்டியார் குடியிருந்தார் என்பதை மறவாதீர்கள்.