இன்னும் கட்டாத பூங்காவை ரசிப்பது எப்படி?

ஐந்தாவது பூங்கா வந்தால் எப்படி இருக்கும்? தீம் பார்க் பிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. ஃப்ளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ அருகே இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு பூங்காக்கள் உண்டு. 1971இல் மேஜிக் கிங்டம், 1982இல் எப்காட், 1989இல் ஸ்டுடியோ பூங்கா, 1998இல் அனிமல் கிங்டம். அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. ஐந்தாவது பூங்கா இன்றுவரை காகிதத்தில்தான் எழும்பிக்கொண்டிருக்கிறது. எழுப்புகிறவர்கள் ரசிகர்கள். கையால் வரைகிறார்கள், கணினியில் வரைகிறார்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

இப்படிப்பட்ட திட்டங்களை உட்கார்ந்து பார்ப்பது தனி சுகம். ஆனால் பெரும்பாலோர் ராட்டினங்களை எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள். எத்தனை ரோலர் கோஸ்டர், எவ்வளவு உயரம், எந்தப் படத்தின் பெயர்! நான் சொல்வது வேறு: முதலில் பாதையைப் பாருங்கள். வாசலில் நுழைந்தவரின் கால் எந்தப் பக்கம் போகும், ஏன் போகும் என்பதற்கு ஒரு திட்டத்தில் பதில் இருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. பதில் இல்லையென்றால் எத்தனை கோடி கொட்டினாலும் அது மைதானத்தில் நிறுத்திவைத்த இயந்திரங்கள்தான்.

பழக வேண்டுமானால் ஒரு பழைய படத்திலிருந்து தொடங்கலாம். 1953 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, வால்ட் டிஸ்னி ஹெர்ப் ரைமன் என்ற ஓவியரைக் கூப்பிட்டனுப்பினார். அண்ணன் ராய் நியூயார்க் போகவிருந்தார். பணம் கேட்கப் போகும் இடத்தில் விரித்துக் காட்ட ஒரு படம் வேண்டும். பூங்காவைப் பற்றிய எண்ணங்கள் துண்டு துண்டாக இருந்தனவே தவிர, முழுசாக ஒரு படம் கிடையாது. இவ்வளவு குறைந்த நேரத்தில் முடியாது என்று ரைமன் முதலில் மறுத்தார். பிறகு, நீங்கள் என் பக்கத்திலேயே இருப்பதானால் வரைகிறேன் என்றார். அந்த வாரக் கடைசி முழுக்க வால்ட் சொல்லச் சொல்ல ரைமன் வரைந்தார். ராய் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் பணம் போட முன்வந்தது. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது.

அந்தப் படம் பிற்காலப் புத்தகங்கள் பலவற்றில் அச்சாகியிருக்கிறது. கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். பறவைப் பார்வையில் வரைந்த படம். பூங்காவைச் சுற்றி ரயில் பாதை. உள்ளே வர ஒரே ஒரு வாசல். வாசலிலிருந்து நேராக ஒரு தெரு, தெரு முடியும் இடத்தில் வட்டமான திடல், அதற்கப்பால் ஒரு கோட்டை. திடலிலிருந்து பாதைகள் வெவ்வேறு உலகங்களுக்குப் பிரிகின்றன. அதில் குறித்திருந்த சில உலகங்கள் கட்டப்படவேயில்லை. லில்லிபுட் நாடு என்று ஒன்று இருந்தது, எல்லாமே குட்டி குட்டியாக. அது வரவில்லை, அந்தக் குட்டி வீட்டு ஆசை 1956இல் கால்வாய்ப் படகுச் சவாரியின் கரைகளில் வந்து சேர்ந்தது. உலகங்கள் மாறின, பெயர்கள் மாறின. ஒரு வாசல், ஒரு தெரு, ஒரு திடல், ஒரு கோட்டை என்ற அமைப்பு மட்டும் மாறவில்லை. அதை நகலெடுத்த பூங்காக்கள் உலகமெங்கும் இருக்கின்றன.

கோட்டை அங்கே நிற்பது அழகுக்காக மட்டுமல்ல, உங்கள் காலை இழுப்பதற்காக. தூரத்தில் கண்ணுக்குப் படும்படி ஒன்றை நிறுத்தி மனிதரை அதை நோக்கி நடக்கவைப்பதை வால்ட் ‘வீனி’ என்பார். நாய்க்குக் காட்டும் தொத்திறைச்சித் துண்டின் பெயர் அது. அனஹைம் கோட்டையின் உயரம் 77 அடிதான். அடியில் பெரிய கற்கள், மேலே போகப் போகச் சிறிய கற்கள் என்று அமைத்திருப்பதால் கண் ஏமாந்து, நல்ல உயரம் என்று எடுத்துக்கொள்கிறது.

இதற்கு நேர் எதிரான யோசனை அனிமல் கிங்டமுடையது. வடிவமைப்பை முன்னின்று நடத்தியவர் ஜோ ரோடி. விலங்குகளைப் பார்ப்பதில் என்ன சிலிர்ப்பு இருக்கிறது என்று மேலிடத்தில் சந்தேகம். ரோடி பேசிப் பார்த்தார். பிறகு ஒரு கூட்டத்துக்கு உயிருள்ள வங்கப் புலியையே கொண்டுவரச் செய்தார். பழக்குநர்களோடு புலி அறைக்குள் வந்தது. அப்புறம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்தப் பூங்காவில் வாசலைத் தாண்டியதும் நேர்த்தெரு கிடையாது. செடிகொடி அடர்ந்த தோட்டம், வளைந்து வளைந்து போகும் பாதைகள், எதிரே எதுவும் தெரியாது. விலங்கைக் காண வேண்டுமானால் நீங்கள் வேகத்தைக் குறைத்துத் தேட வேண்டும். தோட்டம் முடிந்த பிறகுதான் 145 அடி உயர ஜீவ மரம் கண்ணில் விழுகிறது, அதன் உடம்பெல்லாம் விலங்கு உருவங்கள் செதுக்கப்பட்டபடி. மேஜிக் கிங்டமில் முதல் பார்வையிலேயே கிடைப்பதை இங்கே தாமதப்படுத்திக் கொடுக்கிறார்கள். இரண்டும் சரி, ஏனென்றால் இரண்டும் அந்தந்தப் பூங்காவின் பொருளிலிருந்து பிறந்தவை. புதிதாக ஒரு திட்டம் கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: வாசலிலிருந்து முதல் நூறடி எப்படி இருக்கிறது?

இரண்டாவதாகத் தேடுவது இடைஞ்சல்களை. எல்லையில்லாத இடமும் எல்லையில்லாத பணமும் இருப்பதுபோல எழுதிய திட்டங்கள் சீக்கிரம் சலிக்கும். டிஸ்னிலேண்டின் ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ முதலில் நடந்து பார்க்கும் மெழுகுச் சிலைக் கூடமாகத்தான் திட்டமிடப்பட்டது. 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்த படகுச் சவாரி பெருங்கூட்டத்தைத் தடங்கல் இல்லாமல் நகர்த்தியது. உடனே கடற்கொள்ளையர்களும் படகுக்கு மாறினார்கள். அடுத்த சிக்கல் இடம். ரயில் பாதைக்கு உள்ளே அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இடமில்லை. கட்டடத்தைப் பாதைக்கு வெளியே போட்டார்கள். படகு தண்டவாளத்துக்கு அடியில் போயாக வேண்டும். அதற்காக வைத்தவைதான் இருட்டில் படகு வழுக்கி இறங்கும் அந்த அருவிகள். 1967இலிருந்து மக்கள் அந்த இடத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் 1969இல் வந்த பேய் மாளிகையிலும் இதே கதை. சுவர்கள் நீண்டுகொண்டே போகும் அறை ஒன்று உண்டு. உண்மையில் அது லிஃப்ட். உங்களை ரயில் பாதைக்குக் கீழே இறக்குகிறது. ஃப்ளோரிடாவில் அந்தத் தேவை இல்லை, ஆனாலும் அறையை விட்டுவிட மனம் வரவில்லை. அங்கே தரை அப்படியே இருக்க, கூரைதான் மேலே போகிறது.

அனிமல் கிங்டமின் எவரெஸ்ட் மலை 199 அடி சொச்சம். 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இமயத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் நம்பிக்கை போய்விடும். அந்த மலையில் ஏறும் ரோலர் கோஸ்டர் வண்டி, ஆனந்தபூர் என்ற கற்பனை நாட்டின் பழைய தேயிலை ரயில் என்பது கதை. தேயிலை மலைகளை அறிந்த நம் வாசகர்கள் அந்த வரிசையில் நின்றால் எழுத்துப் பலகைகளையும் துருப்பிடித்த தகரங்களையும் மற்றவர்களைவிட அதிக நேரம் பார்ப்பார்கள்.

மூன்றாவதாக, தோற்ற திட்டங்களைப் படியுங்கள். எனக்கு இதில்தான் அதிக ருசி. 1993 நவம்பரில் வெர்ஜீனியாவின் ஹேமார்க்கெட் என்ற ஊரில் ‘டிஸ்னிஸ் அமெரிக்கா’ என்ற வரலாற்றுப் பூங்காவை அறிவித்தார்கள். உள்நாட்டுப் போர்க் கோட்டை, குடியேறிகள் வந்திறங்கும் கூடம், இரும்பு ஆலைக்குள் பாயும் ரோலர் கோஸ்டர், ஒரு விவசாயக் குடும்பத்தின் பண்ணை. காகிதத்தில் பார்த்தால் அருமையான பட்டியல். ஆனால் சில மைல் தூரத்தில் மனாசஸ் போர்க்களம், உண்மையாகவே வீரர்கள் விழுந்த மண். வரலாற்று அறிஞர்கள் கொதித்தார்கள். 1994 செப்டம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். வரலாற்றை வைத்துப் பூங்கா கட்டக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உண்மையான இடம் பக்கத்திலேயே அமைதியாக இருக்கும்போது அதன் போலியைச் சத்தத்தோடு நிறுத்துவது தவறு. அங்கே கெட்டுப்போனது எண்ணமல்ல, இடம்.

கைவிட்ட எண்ணங்கள் இடம் மாறிப் பிழைப்பதும் உண்டு. கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்துக்காக யோசித்த கடல் பூங்கா அங்கே வரவேயில்லை. ‘டிஸ்னி ஸீ’ என்ற அதன் பெயர் 2001இல் டோக்கியோவில் திறந்த, பலரும் உலகிலேயே சிறந்தது என்று கருதும் பூங்காவுக்குப் போனது. இன்னும் அழகான கதை கரடிகளுடையது. கலிஃபோர்னியாவின் மினரல் கிங் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கு விடுதி கட்ட வால்ட் நினைத்திருந்தார். அங்கே சாப்பிட வருகிறவர்களுக்காகப் பாட்டுப் பாடும் கரடிக் கச்சேரி ஒன்றை மார்க் டேவிஸ் வரைந்தார். விடுதியை இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1978இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவோடு சேர்ந்துவிட்டது. காடு காடாகவே தப்பியது. கரடிகளோ அதற்கு முன்பே, 1971இல் மேஜிக் கிங்டமின் திறப்பு நாளன்றே பாடத் தொடங்கிவிட்டன.

இவ்வளவும் பார்த்த பிறகு நீங்களே ஒரு பூங்காவை வரையுங்கள். வரைந்து பார்த்தவருக்குத்தான் மற்றவர் வரைந்ததன் அருமை தெரியும். என் ஐந்தாவது பூங்காவின் பொருள் மழை. ஃப்ளோரிடாவில் கோடை மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமான விருந்தாளி. இடி இடித்தால் வெளியே இருக்கும் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஜனங்கள் பிளாஸ்டிக் அங்கிக்குள் புகுந்து கடை ஓரத்தில் ஒண்டி நிற்பார்கள். எல்லாப் பூங்காவும் எதிரியாகப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே ஒரு பூங்கா இருந்தால்?

வாசலைத் தாண்டியதும் இருபுறமும் அகலமான திண்ணை வைத்த, கூரை போட்ட தெரு. தெரு லேசாகச் சரிந்து இறங்கும். கூரைத் தண்ணீர் முழுவதும் நடுவில் ஓடும் வாய்க்காலில் சேர்ந்து உங்கள் கூடவே வரும். தெரு முடிவில் ஒரு ஏரி, அதன் மேலே தலைகீழாகக் கவிழ்த்த குடைபோல ஒரு பெரிய செப்புக் கூரை. வெயில் நாளில் அதிலிருந்து நூல்போல ஒரு தாரை விழும். மழை பிடித்தால் அதுவே பேரருவியாகும். ஏரியைச் சுற்றி மேகாலயாவின் வேர்ப்பாலங்கள், அமேசான் காடு, மழைக்கு ஏங்கும் ஆப்பிரிக்கப் புல்வெளி, நம் ஊர் ஏரிப் பாசனம். முக்கியச் சவாரி நிலத்துக்கு அடியில் போகும் படகு: மேகத்தில் தொடங்கி ஏரி, மதகு, வாய்க்கால், வயல் வழியாகக் கடலில் போய் முடியும்.

இப்போது உடைத்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் சமயத்தில் கூட்டம் அலைமோதும். ஃப்ளோரிடாவில் அது வறண்ட பருவம். மழை பெய்யாத நாளில் என் பூங்கா செத்துவிடுமா? இந்தக் கேள்விக்காகத்தான் ஆப்பிரிக்கப் புல்வெளி உள்ளே வந்தது. காத்திருப்பதும் மழையின் கதைதான் என்பதால், வறண்ட மாதங்களில் அந்தப் பகுதியே பூங்காவின் மையமாகும். நாலு வயதுக் குழந்தைக்குப் படகு சரி. முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்குத் திண்ணை இருக்கிறது. அங்கே உட்கார்ந்தபடியே அருவியைப் பார்க்கலாம். சக்கர நாற்காலிக்கு அந்தச் சரிவு எவ்வளவு இருக்கலாம் என்பது இன்னும் எனக்குத் தீரவில்லை. தெருவை நீளமாக்கினால் சரிவு குறையும், ஆனால் நடை கூடும். அதற்காகத் தெருவை மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன்.

நீங்களும் ஒரு தாளை எடுங்கள். வாசலையும் பாதையையும் முதலில் போடுங்கள், ராட்டினங்களைக் கடைசியில் வையுங்கள். முடித்ததும் வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் நீட்டி, முதலில் எங்கே போவாய் என்று கேளுங்கள். விரல் நீங்கள் நினைத்த இடத்துக்குப் போகவில்லையென்றால் பாதையை மாற்றி வரையுங்கள்.