வினைபுரியாத குழாய் உண்டா?

கதீட்டர் என்னும் மருத்துவக் குழாய்களைப் பற்றித் தமிழில் வரும் எளிய விளக்கங்களில், 'இரத்தத்துடன் வினைபுரியாத பிளாஸ்டிக்' என்று படித்திருப்பீர்கள். இதை நான் ஏற்பதற்கில்லை. வகுப்பில் நானும் சில ஆண்டுகள் இப்படியே சொல்லி வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குழாய் சிலிக்கோன் ரப்பராயினும் பாலியூரித்தேனாயினும், இரத்தம் பட்ட சில விநாடிகளிலேயே பிளாஸ்மாவிலுள்ள புரதங்கள் அதன் பரப்பில் படியத் தொடங்குகின்றன. அதன்பின் இரத்தம் சந்திப்பது பிளாஸ்டிக்கை அன்று; இந்தப் புரதப் படலத்தைத்தான். ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் படிந்த இடத்தில் இரத்தத் தட்டணுக்கள் பற்றிக்கொள்கின்றன. உறைகட்டிக்கு அதுவே அடித்தளமாகலாம். கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் சீக்கிரம் உறைகிறது. சிலிக்கோன் பூசிய குழாயில் தாமதமாக உறைகிறது. ஆகவே பொருளுக்குப் பொருள் வேறுபாடு உண்டு. ஆனால் அது அளவில் உள்ள வேறுபாடுதான்.

'பரப்பை நன்றாக வழவழப்பாக்கினால் போதாதா?' என்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சொரசொரப்பு குறைந்தால் நன்மைதான். எனினும் ஒரு ஃபைப்ரினோஜன் மூலக்கூறின் நீளம் சுமார் 45 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 20,000-க்கு மேற்பட்டவற்றை வரிசையாக வைக்கலாம். அது ஒட்டிக்கொள்ளக் கீறல் தேவையில்லை. கண்ணாடிபோல் மின்னும் பரப்பிலும் மூலக்கூறுகளுக்கிடையே கவர்ச்சி விசை இருக்கிறதே!

குழாய்க்கு மட்டுமன்று, இரத்தத்தில் வைக்கும் எதற்கும் இது பொருந்தும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்கினர். முந்தைய மாதிரிகள் தோற்றபின், கோபால்ட்-குரோமியம் உலோகக் கலவைக் கூட்டில் பாலிஎத்திலீன் தட்டை அமைத்து வெற்றி கண்டார்கள். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. நம் நாட்டுக்குப் பெருமைதான். ஆயினும் அதைப் பொருத்திக்கொண்டவர் ஆயுள் முழுவதும் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். டயாலிசிஸ் கதீட்டரிலும், ஒவ்வொரு முறை சிகிச்சை முடிந்ததும், ஹெப்பாரின் போன்ற உறைவெதிர் மருந்தை நிரப்பி மூடுகிறார்கள்.

'வினைபுரியாத பொருள்' என்று படித்த நோயாளி, "பிறகு மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிட்டால், வால்வில் உறைகட்டி அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். 'இரத்தம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் பொருள்' என்று எழுதி, எந்த மருந்தின் துணையோடு, எவ்வளவு காலத்துக்கு என்பதையும் எழுத்தாளர்கள் சேர்த்துச் சொல்லட்டும்.