சோழர் கப்பலும் மாதிரிக் கப்பலும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் மாணவர் கண்காட்சிகளில் ‘இராசேந்திர சோழனின் போர்க்கப்பல்’ என்ற பெயருடன் ஒரு மாதிரி வைக்கப்படுவதுண்டு. அட்டையாலும் பல்சா மரத்தாலும் பிள்ளைகள் செய்யும் அவ்வேலைப்பாட்டைத் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியன் என்ற முறையில் கண்டு மகிழ்ந்தவன் யான். எனினும், அது யாருடைய கப்பல் என்று ஆசிரியப் பெருமக்களைக் கேட்க வேண்டியுள்ளது.

கூர்ந்து நோக்குங்கள். பின்புறம் மாடம்போல் உயர்ந்திருக்கிறது. பக்கங்களில் பீரங்கித் துளைகள். கொடியில் மட்டும் புலி! அக்கொடியை எடுத்துவிட்டால் எஞ்சுவது 16-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கப்பலே. கடையில் விற்கும் மேனாட்டு மாதிரிப் பெட்டியை வாங்கிக் கொடியை மாற்றுவதால் வந்த வினை இது. இராசேந்திரன் கடாரத்தின்மேல் படை செலுத்தியது 1025-ஐ ஒட்டி. அன்று நம் கடலில் பீரங்கி ஏது?

அவனுடைய மெய்க்கீர்த்தி கலங்களைச் செலுத்தியதையும் வென்ற ஊர்களையும் கூறுகிறதேயன்றி, கலத்தின் நீளத்தையோ பாயின் வடிவையோ கூறவில்லை. சோழர் போர்க்கலம் என்று ஐயமற அறியப்பட்ட கப்பல் எதுவும் இதுவரை கடலடியில் கிடைக்கவுமில்லை. ஆகவே எந்த மாதிரியும் ஊகமே. ஆனால் ஊகத்துக்கும் ஒரு நெறி உண்டு.

பெலித்துங் தீவருகே 1998-இல் கண்டறியப்பட்ட 9-ஆம் நூற்றாண்டுக் கப்பலைப் பின்பற்றி ஓமானில் ‘ஜுவல் ஆப் மஸ்கட்’ கட்டப்பட்டது. ஆணியின்றிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தனர். 2010 பிப்ரவரியில் மஸ்கட்டை விட்டுப் புறப்பட்டு ஜூலையில் சிங்கப்பூர் சேர்ந்தது. பாயும் மேற்கட்டுமானமும் கடலில் எஞ்சவில்லை; அவற்றைப் பிற சான்றுகளால் நிரப்பினர். அது வணிகக் கலம், அரபுக் கடலின் மரபினது. அதற்குப் புலிக்கொடி கட்டுவதும் பிழையே. கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், ஆற்றங்கரையிலுள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் அக்கப்பலின் சரக்கையும் காட்டுதல் நன்று.

இந்தியக் கடற்படை 2025-இல் ஏற்ற ‘கௌண்டின்யா’ என்னும் தைத்த கலம் அஜந்தா ஓவியம் ஒன்றைத் தழுவியது. நீருக்கடியிலுள்ள பாகத்தை ஓவியம் காட்டுமா? சென்னை ஐ.ஐ.டி.யில் சிறு மாதிரியைக் கொண்டு சோதித்த பின்னரே நம்பினர். அரப்பா பாணிக் கல் நங்கூரம் ஒன்றும் அதில் உண்டு. காலம் பொருந்தாதுதான், அடையாளச் சின்னம் என்றே வைத்தனர். அவ்வளவு நேர்மை நமக்கும் போதும்.

நம் மாணவர் செய்யத்தக்கன சில. சாதவாகனர் நாணயத்துக் கப்பலில் காண்பதுபோல் இரு பாய்மரம் நாட்டலாம். சுக்கானுக்குப் பதில் பின்புறத்தில் துடுப்பு வைக்கலாம். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளும் கயிற்றால் தைக்கப்பட்டவை; அதைக் கொண்டு பலகைகளில் தையல் காட்டலாம். சான்றுள்ள பகுதிக்கு ஒரு நிறம், ஊகத்துக்கு வேறு நிறம் தீட்டுக. “உனக்கு எப்படித் தெரியும்?” என்று வேற்றினப் பார்வையாளர் ஒருவர் கேட்டால், பிள்ளை தலைகுனியாமல் விடை சொல்லும்.

முழுதும் மாற்ற இவ்வாண்டு பொழுதில்லையெனில், பீரங்கித் துளைகளையேனும் அடைத்துவிடுங்கள். ஒரு பிடி மரத்தூளும் சிறிது பசையும் போதும்.