நந்தனுக்கு ஏற்கெனவே தெரிந்த இசை

சேக்கிழாரின் நந்தன் எந்தப் பண்ணையாரிடமும் லீவு கேட்கவில்லை. நம்மில் பெரும்பாலானோர் மனதில் இருக்கும் நந்தனார், சிதம்பரம் போக அனுமதி கேட்டுக் கெஞ்சும் பண்ணையாள். அவரை மறித்து நிற்கும் வேதியர் பெரியபுராணத்தில் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி 'நந்தனார் சரித்திரம்' எழுதும்போது கொண்டுவந்த பாத்திரம் அது. அதனால் கதைக்கு ஒரு வில்லன் கிடைத்தான், கதாகாலட்சேபத்துக்குப் பெரிய உருக்கம் கிடைத்தது. ஆனால் ஒன்று மங்கிப்போனது.

சேக்கிழார் தன் நந்தனுக்கு ஒரு தொழில் கொடுத்திருக்கிறார். கோயில் முரசுகளுக்குப் போர்க்கும் தோலும் இழுத்துக் கட்டும் வாரும் கொடுப்பவர். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுப்பவர். உள்ளே போக முடியாதவரின் கைவேலைதான் உள்ளே ஒலிக்கிறது. எந்தத் தோல் எப்படிப் பேசும் என்று காது தெரியாமல் இந்த வேலையைச் செய்ய முடியுமா? சேக்கிழாரைப் புரட்சிக்காரர் ஆக்க வேண்டியதில்லை. நெருப்பில் இறங்கும் கட்டம் அவரிடமும் இருக்கிறது. ஆனாலும் அவருடைய நந்தன் விஷயம் தெரிந்தவன். பாரதியின் நந்தன் முதன்மையாகக் கேட்பவன்: பாடிக் கேட்கிறான், அழுது கேட்கிறான்.

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இசை என்று பேச ஆரம்பித்தாலே, நம் கற்பனை இந்த இரண்டாவது நந்தன் பின்னால்தான் போகிறது. வெளியே ஒரு பிள்ளை நிற்கிறது, உள்ளே இசை இருக்கிறது, நல்ல மனசுள்ள யாரோ கதவைத் திறக்க வேண்டும். அவ்ளோதான் கதை.

ராஜீவ் மேனன் இயக்கி 2019-ல் வெளியான 'சர்வம் தாளமயம்' இதற்கு நல்ல உதாரணம். மிருதங்கம் செய்பவரின் மகன் பீட்டர், வாசிக்கக் கற்றுக்கொள்ள வேம்பு ஐயரின் வாசலுக்குப் போகிறான். நேர்மையான படம்தான், சாதியைப் பெயர் சொல்லிப் பேசுகிறது. ஆனால் அப்பாவின் பட்டறை அதில் பெரும்பாலும் அவமானத்தின் பின்னணி, பீட்டர் தாண்டி வரவேண்டிய இடம். தோலுக்கும் வாருக்கும் நடுவில் வளர்ந்த ஒரு காதுக்கு என்ன தெரிந்திருக்கும் என்ற கேள்வியில் படம் அதிக நேரம் நிற்பதில்லை. குரு ஏற்றுக்கொள்வாரா என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. இது மறுபடியும் வாசல் கதை.

டி.எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் எழுதி 2020-ல் வெளிவந்த 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' இதற்கு நேர் எதிர்ப்பக்கம். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தில் நாம் கேட்கும் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற தலித் கிறிஸ்தவக் கைவினைஞரின் காதும் கையும் இருப்பதை அது காட்டுகிறது. அப்படிப் பார்த்தால் பட்டறையும் ஒரு இசை வகுப்புதான். ஆனால் அங்கே படித்தவருக்கு யாரும் சர்டிஃபிகேட் கொடுப்பதில்லை.

சிதம்பரம் இந்த இரண்டு நந்தன்களையும் வைத்திருக்கும் ஊர். தலித் பிள்ளைகளுக்காக 1916-ல் அங்கே பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தர் அதற்கு நந்தனார் பெயரையே வைத்தார். 1929-ல் ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் இசைக் கல்லூரி வந்தது. தமிழிசை இயக்கம் சூடுபிடித்த 1941 மாநாடும் அங்கேதான். 1942-ல் ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்த எம்.எம். தண்டபாணி தேசிகர், பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் பணியாற்றினார். திரையில் வாசலில் நின்று பாடியவர் நிஜத்தில் உள்ளிருந்து சொல்லிக்கொடுத்தார். அழகான செய்திதான். ஆனால் உள்ளே போனவர் தேவாரம் பாடும் ஓதுவார் மரபில் வந்த தேசிகர், தோல் கொடுத்த நந்தன் இல்லை.

தமிழிசை இயக்கம் கேட்ட கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டு மேடையில் ஏன் தமிழ்ப் பாட்டு 'துக்கடா'வாக மட்டும் வருகிறது? ஆனால் அது மொழியோடு நின்றுவிட்டது. யாருடைய தமிழ், எந்தக் கருவி, எந்தத் தெருவின் தாளம் என்ற கேள்விகளை அதே வேகத்தில் கேட்கவில்லை. ஹங்கேரியில் சோல்தான் கோடாய், பிள்ளைகளின் இசைப் பாடம் அவர்கள் ஊர் நாட்டுப்பாடலிலிருந்து தொடங்க வேண்டும், அதுதான் அவர்களின் இசைத் தாய்மொழி என்றார். நல்ல யோசனை. ஆனால் கடலூர் மாவட்டத்து வகுப்பறை ஒன்றைக் கற்பனை பண்ணிப் பாருங்கள். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, சர்ச் கொயரில் பாடும் பிள்ளை, பரங்கிப்பேட்டை முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, பறை ஒலிக்கும் தெருவிலிருந்து வரும் பிள்ளை, நெய்வேலிக்கு வேலைக்கு வந்த வேற்று மாநிலக் குடும்பத்துப் பிள்ளை. இசைத் தாய்மொழியே அங்கே அஞ்சாறு இருக்கும்.

இத்தனை பேரையும் ஒரே சுருதிப்பெட்டி முன்னால் உட்காரவைத்து மாயாமாளவகௌளையில் சரளி வரிசை ஆரம்பித்தால், குரல் உடையும் வயசில் இருக்கும் பையன்களில் பாதிப்பேர் அடுத்த வாரம் வாயை மட்டும் அசைப்பார்கள். சரளி வரிசை மேல் எனக்குக் கோபம் இல்லை. வந்திருப்பவர்கள் எல்லாருக்கும் இசை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிப்பதுதான் சிக்கல்.

சரி, அரசு என்ன பண்ணுது? 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி, இசை எல்லாம் அந்தக் கணக்குக்குள். அப்போது மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு 3 அரை நாள். இந்த நேரத்தில் யாரும் ஒவ்வொரு காதையும் கேட்டு அறிய முடியாது. 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்து மேலே போகலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடை கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் போட்டி என்பது ஒருவரைத் தேடும் ஏற்பாடு. வகுப்பில் மிச்சம் இருக்கும் 39 பேருக்கு இசை வகுப்பு எங்கே?

சுலபமான பதில் ஒன்று உண்டு: பறையை வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும். இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. சாவுக்குப் பறையடிப்பது பல ஊர்களில் சாதி சுமத்திய கட்டாய வேலை. அதை விட்டு வெளியே வரப் போராடியவர்கள், அதற்காகவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் போய் 'உங்க அப்பா அடிப்பாருல்ல, நீ வாசிச்சுக் காட்டு' என்று ஒரு வாத்தியார் சொன்னால், அவர் கலையை மதிக்கவில்லை. ரிஜிஸ்டரில் இருக்கும் சாதியை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கிறார். கேட்கும் நந்தன் போய், காட்சிக்கு வைக்கப்பட்ட நந்தன் வருவான்.

அதனால் அறிவைப் பாடமாக்க வேண்டும், பிள்ளையை உதாரணமாக்கக் கூடாது. பறையைத் தீயில் ஏன் காய்ச்சுகிறார்கள், மிருதங்கத்தின் தொப்பியில் ரவையை அப்பினால் நாதம் ஏன் கீழே இறங்குகிறது, வலந்தலையில் அந்தக் கறுப்பு வட்டம் என்ன பண்ணுது - இதை வகுப்பில் எல்லாருமே கையால் செய்து பார்க்கட்டும். யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்காமல், வாத்தியார் முதல் ஆளாகப் பறையைத் தூக்கட்டும். சரளி வரிசையும் சர்ச்சுப் பாட்டும் அதே பீரியடில் அதே மரியாதையோடு இருக்கட்டும். பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒலியியல் என்று ஒரு பாடமே இருக்கிறது. டாப்ளர் விளைவை நம் பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுகிறார்கள். தோலை இழுத்துக் கட்டினால் சுருதி ஏறும் என்பதையும் அதற்குப் பக்கத்திலேயே படிக்கலாம். அது சேக்கிழாரின் நந்தனுக்கு எப்போதோ தெரிந்த விஷயம்.