விடை சரி, ஆங்கிலம் புரிந்ததா?

‘பொரலன் நேற்று தொமிலையைத் தடும்பினான், அதனால் ஊரே சிமிர்ந்தது.’ இந்த வாக்கியத்துக்குப் பொருளே கிடையாது. ஆனாலும் தொமிலையைத் தடும்பியவன் யார் என்று கேட்டால் பொரலன் என்று பிழையில்லாமல் சொல்லிவிடலாம். ஊர் ஏன் சிமிர்ந்தது என்றாலும் விடை கைவசம் இருக்கிறது. இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண். ஒரு சொல்கூடப் புரியவில்லை.

ஆங்கிலம் கற்கிறவர்களுக்கு நாம் அதிகமாகக் கொடுக்கிற பயிற்சி இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. பத்தியைப் படி, விடையளி. ஒலிப்பதிவைக் கேள், விடையளி. பள்ளித் தேர்வில் தொடங்கும் இந்தப் பழக்கம், வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கிளம்புகிறவர்களிடம் ஐஇஎல்டிஎஸ், ஓஇடி மாக் டெஸ்டுகளாக மறுபடி வந்து சேர்கிறது. பிரிட்டனுக்குப் போக முயலும் செவிலியருக்கு அந்நாட்டுச் செவிலியர் கவுன்சில் கேட்பது, ஐஇஎல்டிஎஸ் என்றால் கேட்டலிலும் வாசித்தலிலும் 7, ஓஇடி என்றால் ‘பி’ தரம். இதற்காகக் கோச்சிங் சென்டரில் மாதக்கணக்கில் நடப்பது பெரும்பாலும் ஒரே வேலை: ஒரு முழுத் தேர்வு எழுதுவது, திருத்துவது, அடுத்ததை எடுப்பது. இவர்களில் பலருக்கு ஆங்கிலத்தோடு நெருங்கிப் பழகும் வாழ்நாள் வாய்ப்பே இந்த மாதங்கள்தான். அதனால் இந்தப் பயிற்சி எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்று நிறுத்திப் பார்ப்பது அவசியம்.

முதலில் அதன் பலம். நோக்கமில்லாத வாசிப்பைவிடக் கேள்வியோடு படிக்கும் வாசிப்பு கவனத்தைக் குவிக்கும். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் வாசிப்பில் மூன்று பத்திகள், நாற்பது கேள்விகள், அறுபது நிமிடம். ஒவ்வொரு சொல்லிலும் நின்று அகராதி தேடும் பழக்கத்தை இந்த நெருக்கடி உடைக்கிறது. அதைவிட நான் மதிப்பது ‘உண்மை, பொய், சொல்லப்படவில்லை’ என்ற கேள்வி வகையை. ஒரு தேயிலை நிறுவனம் எந்த ஆண்டில் ஆலை திறந்தது என்று பத்தி சொல்கிறது. அந்தத் தேயிலைக்கு வெளிநாட்டில் வரவேற்பு இருந்தது என்று கேள்வித்தாள் சொல்கிறது. இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் பத்தியில் அது இல்லை. எழுதியவர் சொன்னதையும் நாம் சேர்த்துக்கொண்டதையும் பிரித்துப் பார்க்கும் இந்த ஒழுக்கம், மருந்துச் சீட்டிலிருந்து வாடகை ஒப்பந்தம் வரை பயன்படும். தாய்மொழி வகுப்பில்கூட இவ்வளவு கறாராக இதை நாம் கற்றுத் தருவதில்லை.

ஆனால் சரியான விடை எப்படி வந்தது என்பதை விடைத்தாள் காட்டாது. பொரலன் கதையைப் போலச் சொல்லைச் சொல்லோடு பொருத்தியும் வந்திருக்கலாம். நான்கில் ஒன்றைத் தேர்ந்ததில் அதிர்ஷ்டமும் இருக்கலாம். தவறான விடையும் அப்படியே. கேட்டல் கற்பித்தலைப் பற்றி 2008இல் ஜான் ஃபீல்ட் எழுதிய நூலின் மையக் குறையே இதுதான்: வகுப்பில் கேட்டலைச் சோதிக்கிறோம், கற்பிப்பதில்லை. தவறான விடை வந்தவுடன் சரியானதைச் சொல்லிவிட்டு நகர்கிறோம். அந்த மாணவரின் காதில் என்ன விழுந்தது என்று கேட்பதில்லை. இது ஆங்கில ஆசிரியர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டிய குற்றச்சாட்டு என்பேன்.

கேட்டலில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். ஒவ்வொரு சொல்லும் அச்சில் இருப்பதுபோலத் தனித்தனியாக, முழு உருவோடு வரும் என்று காது காத்திருக்கிறது. பேச்சில் அது வருவதில்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைகள் நிமிர்ந்து நிற்க, மற்றவை சுருங்கிக் குழைந்துவிடுகின்றன. ‘கேன்’ என்று படித்த சொல் வாக்கியத்துக்குள் ‘கன்’ என்று தேய்கிறது. அதன் எதிர்மறையோ உயிரொலி முழுதாக ஒலிக்க, கடைசி ‘ட்’ காதில் விழாமலே போகலாம். நோயாளி எழுந்து நடக்கலாமா கூடாதா என்பது அந்த ஓர் உயிரொலியில் இருக்கிறது. அச்சில் பத்து எழுத்துக்கு மேல் நீளும் ‘கம்ஃபர்டபிள்’ மூன்று அசையில் ‘கம்ஃப்டபிள்’ என்று ஓடிவிடுகிறது. ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ இரண்டையும் பிரிப்பதில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதற்குப் பெரிய பங்குண்டு.

இது நமக்கு அந்நியமான நடப்பல்ல. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று வகுத்த இலக்கணம் நம்முடையது. ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று எழுதுகிறோம், ‘வந்துட்டிருக்கான்’ என்று பேசுகிறோம். புத்தகத் தமிழ் மட்டும் படித்து வந்த வெளிநாட்டவர் மதுரைப் பேருந்து நிலையத்தில் திகைத்து நிற்பதைப் போலத்தான் நம் செவிலியர் லீட்ஸ் மருத்துவமனையில் நிற்கிறார். அவருக்குச் சொல் தெரியும். அதன் பேச்சு உருவம் தெரியாது. நாற்பதுக்கு இருபத்து மூன்று என்ற மதிப்பெண் இந்தக் காரணத்தைச் சொல்லுமா? சொல்லாது. சொல்லே தெரியாதவர், தெரிந்த சொல்லைக் காதால் பிடிக்காதவர், முந்தைய கேள்வியிலேயே தங்கிவிட்டவர் ஆகிய மூவருக்கும் அதே இருபத்து மூன்று வரலாம். மூவருக்கும் ‘இன்னொரு டெஸ்ட் எழுது’ என்று ஒரே மருந்தைக் கொடுக்கிறோம்.

தேர்வில் ஒலிப்பதிவை ஒருமுறைதான் கேட்கலாம். தேர்வுக்கு அது சரி. பயிற்சியையும் அதே விதியால் கட்டிப்போடுவதுதான் கொடுமை. கேம்பிரிட்ஜ் பயிற்சிப் புத்தகங்களின் பின்பக்கங்களில் ஒலிப்பதிவின் முழு எழுத்துவடிவமும் அச்சாகியிருக்கிறது. அந்தப் புத்தகத்தின் மிக மதிப்புள்ள பக்கங்கள் அவை, மிகக் குறைவாகப் புரட்டப்படுபவையும் அவையே. விடை தவறிய இடத்தில் பத்து விநாடியை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதி, பிறகு அச்சோடு ஒப்பிட்டால், எந்த ஒலி எங்கே கரைந்தது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். பழைய பள்ளிக்கூடங்களின் டிக்டேஷன்தான் இது. எழுத்துப்பிழை பார்ப்பதற்காக வைத்த அந்தப் பயிற்சி, காதைத் திருத்தவும் மிக நல்ல கருவி. இப்படி ஒரு தேர்வைப் பிரித்து மேய்ந்தால் ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் வீணாகாது.

இன்னொரு குறை பயிற்சியால் சரியாகாது. அது வடிவத்திலேயே இருக்கிறது. உண்மையான உரையாடலில் புரியாவிட்டால் ‘மன்னிக்கவும், மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், மருத்துவமனையில் அப்படிக் கேட்காதிருப்பது ஆபத்து. ஹெட்போனில் வரும் குரலிடம் எதுவும் கேட்க முடியாது. ஆகவே கேட்டலின் பாதித் திறமை, அதாவது எதிரில் இருப்பவரிடம் விளக்கம் பெறும் திறமை, இந்தப் பயிற்சியின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

வேகத்தைக் குறைத்துத் தருவது ஒரு வழி. 1959இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா தொடங்கிய ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ சுமார் 1,500 சொற்களுக்குள், நிதானமான வேகத்தில் செய்தி வாசித்தது. தொடக்க நிலையில் அது பெரிய துணை. ஆனால் நிறுத்தி வாசிக்கும்போது சொற்கள் மீண்டும் முழு உருவம் பெற்றுவிடுகின்றன. நான் மேலே சொன்ன தேய்மானத்துக்குக் காது பழகாது. ஏறிப்போக வேண்டிய படியாக மட்டுமே அது நல்லது. படம் பார்த்துக் கற்பவர்கள் தமிழ் வசனவரியை விட்டு ஆங்கில வசனவரிக்கு மாறினால் பயன் கூடும். ஒலியும் எழுத்தும் ஒரே மொழியில் சேர்ந்து வருவது அப்போதுதான்.

வாசிப்புக்கு வந்தால், என் பெரிய மனக்குறை அளவைப் பற்றியது. ஒரு ஐஇஎல்டிஎஸ் வாசிப்புத் தாளின் மூன்று பத்திகளும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள்தான். வாரம் மூன்று தாள் எழுதினாலும் ஒரு சிறுகதைத் தொகுப்பின் அளவைத் தொடாது. அந்தப் பத்திகளும் பெரும்பாலானவர்களின் தகுதிக்கு மேலே இருக்கின்றன. துணையின்றி ஒரு பனுவலைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹு, நேஷன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டுமே புதிதாக இருக்கலாம். வரிக்கு இரண்டு புதுச்சொல் இருந்தால் நடப்பது வாசிப்பல்ல, தேடல். ஸ்கேனிங் என்று பெயர் வைத்து அதையே திறமையாக்கிவிட்டோம்.

எளிதானதை ஏராளமாகப் படிக்க வைப்பது என்ற யோசனை இந்தியத் துணைக்கண்டத்துக்குப் புதிதல்ல. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1920களிலேயே வங்கச் சிறுவர்களுக்காகச் சொல்வளத்தைக் கட்டுப்படுத்திய வாசகங்களை உருவாக்கினார். இதன் விளைவை அளந்து காட்டியவர்கள் ஃபிஜித் தீவுகளில் ஆய்வு செய்த எல்லியும் மங்குபாயும். 1983இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், வகுப்பறைக்கு 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் வரை போட்டுச் சிறுவர்களைப் படிக்க விட்டார்கள். எட்டு மாதத்தில் அந்தக் குழந்தைகள் வாசிப்பில் மட்டுமல்ல, கேட்டுப் புரிவதிலும் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். கதை படித்தவர்களுக்குக் காதும் திறந்தது என்பது, வாசிப்பையும் கேட்டலையும் தனித்தனி மணிநேரமாக வெட்டிவைக்கும் நம் கால அட்டவணைகளுக்குக் கிடைத்த பதில்.

கேள்வியை ஒழித்துவிடலாம் என்று இதைக் கொள்ளக் கூடாது. கேள்வியின் தரம் உயரலாம். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் ரயில் கால அட்டவணையும் வரைபடமும்தான் பாடங்கள். குறித்த நேரத்துக்குள் ஓர் ஊருக்குப் போய்ச்சேர எந்த ரயில் உதவும் என்று கேட்டால், பத்தியிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கி விடையாக வைக்க முடியாது. படித்ததை வைத்து யோசிக்க வேண்டும். பொரலன் கேள்விக்கு எதிர்முனை இது.

ஆகவே கோச்சிங் சென்டர்களிடம் என் கோரிக்கை நேரத்தைப் பற்றியது. முழுத் தேர்வு வாரத்துக்கு ஒன்று போதும். மீதி நாட்களில் பாதியைத் தவறுகளைப் பிரித்துப் பார்க்கவும், பாதியை எளிய புத்தகங்களுக்கும் அவற்றின் ஒலிவடிவத்துக்கும் கொடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையின் முதல் படி 400 தலைச்சொற்களில் எழுதப்பட்டது, ஆறாம் படி 2,500. வளர்ந்தவர்கள் படிக்கத் தக்க கதைகள். முப்பது வயதுப் பட்டதாரி ஒருவர் இதைக் கையில் எடுக்கக் கூச்சப்படுவார் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்குவது ஆசிரியர் வேலை: முதல் நாளே அவரே ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வகுப்பின் முன் சத்தமாக வாசிக்கத் தொடங்கலாம், மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கலாம். முதல் அத்தியாயம் முடியும்வரை கேள்வியே கேட்க வேண்டாம்.